உன் கேள்வியை யாரிடமும் ஒப்படைக்காதே!

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள். புதிதாகச் சேரும் எல்லோரிடமும் கேட்பதையே அந்தப் பெண்ணிடமும் கேட்கிறார் பேராசிரியர்: தாவரவியலை ஏன் தேர்ந்தெடுத்தாய்? அவளிடம் பதில் தயாராக இருக்கிறது. அவள் ஓடி விளையாடிய வெளிகளில், கோடை முடியும் நேரத்தில், ஊதா நிற ஆஸ்டரும் மஞ்சள் கோல்டன்ராடும் பக்கத்தில் பக்கத்தில் பூக்கும். இரண்டும் சேர்ந்து நிற்கும்போது ஏன் இத்தனை அழகாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள வந்திருக்கிறேன் என்கிறாள். அது அறிவியல் இல்லை என்கிறார் பேராசிரியர். அழகைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசை என்றால் ஓவியக் கல்லூரிக்குப் போயிருக்க வேண்டும் என்கிறார்.

அந்தப் பெண் ராபின் வால் கிம்மரர். பொட்டவாட்டமி என்னும் அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர். அவருடைய தாத்தாவை ஒன்பது வயதில் குடும்பத்திலிருந்து பிரித்துக் கார்லைல் உறைவிடப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பூர்வகுடிப் பிள்ளைகளின் தாய்மொழியையும் வழக்கங்களையும் துடைத்தெடுப்பதற்காகவே அரசு நடத்திய பள்ளி அது. அந்த வீட்டிலிருந்து வந்த பெண், செடிகளைத் தன் உறவினராகப் பார்த்து வளர்ந்த பெண், முதல் நாளே கேட்டது ‘உன் கேள்வி இங்கே செல்லாது’ என்ற தீர்ப்பை.

கல்லூரி, நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் இருக்கும் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் வனவியல் கல்லூரி. சுருக்கமாக இ.எஸ்.எஃப். என்பார்கள். காடு, நீர், மண், விலங்கு என்று இயற்கை வளங்களை மட்டுமே படிப்பாகக் கொண்ட நிறுவனம்.

தம்பி, தங்கச்சி, உன்னிடமும் யாரோ ஒருவர் இப்படிச் சொல்லியிருப்பார். ‘இவ்வளவு மார்க் வைத்துக்கொண்டு ஃபாரஸ்ட்ரியா?’ என்று சொந்தக்காரர் கேட்டிருப்பார். ‘விலங்கியல் சோறு போடுமா?’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டிருப்பார். கவுன்சலிங்கில் கடைசியாக மிஞ்சியதை எடுத்துக்கொண்டவன் என்று வகுப்புத் தோழனே பேசியிருப்பான். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் வாசலில் நின்றாலும் சரி, ஏதோ ஓர் அரசுக் கலைக் கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் நின்றாலும் சரி, உன் காதில் அந்தக் குரல் ஒலித்துக்கொண்டேதான் இருக்கும். அந்தக் குரலுக்கு நீ என்ன பதில் வைத்திருக்கிறாய்? அதைத்தான் உன்னிடம் பேச வந்திருக்கிறேன். அதற்கு இந்த ஒரே ஒரு கல்லூரியின் கதை போதும்.

முதலில் அந்தக் கல்லூரி பிறந்த விதத்தைக் கேள். நியூயார்க் மாநிலத்தின் முதல் வனவியல் கல்லூரி 1898-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பெர்ன்ஹார்ட் ஃபெர்னோ என்ற ஜெர்மானியர் அதன் தலைவர். ஆடிரோண்டாக் மலைப்பகுதியில் பயிற்சிக்கென்று 30,000 ஏக்கர் காடு கொடுத்தார்கள். ஃபெர்னோ அதில் பழைய மரங்களை மொத்தமாக வெட்டிவிட்டுப் புதிய காடு நட முனைந்தார். பக்கத்தில் கோடை மாளிகைகள் கட்டியிருந்த செல்வந்தர்கள் கொதித்தெழுந்தார்கள். அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மொட்டை அடிக்கப்பட்ட மலைச்சரிவைப் பார்த்து யாருக்குத்தான் வயிறு எரியாது? 1903-இல் ஆளுநர் ஓடெல் கல்லூரிக்கான பணத்தை வெட்டினார். ஐந்தே ஆண்டுகளில் கல்லூரி மூடப்பட்டது.

ஃபெர்னோ முடங்கிவிட்டாரா? 1907-இல் கனடாவுக்குப் போய் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் வனவியல் துறைக்கு முதல் தலைவரானார். நியூயார்க் மாநிலமும் முடங்கவில்லை. 1911-இல், மூடிய எட்டாவது ஆண்டில், சிராக்யூஸில் மறுபடி வனவியல் கல்லூரியைத் தொடங்கியது. இன்றைய இ.எஸ்.எஃப். அதுதான்.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் பெரிது. ஆடிரோண்டாக்கில் வானக்கீனா என்ற ஊர். ரிச் என்ற மரக் கம்பெனி அங்கே வெட்டும்வரை வெட்டிவிட்டு, வேறு இடம் பார்த்துக் கிளம்பியது. கிளம்பும்போது சுமார் 1,800 ஏக்கர் நிலத்தைக் கல்லூரிக்குக் கொடுத்தது. 1912-இல் அங்கே வனக் காவலர் பயிற்சிப் பள்ளிக்கு மாணவர்கள் வந்தார்கள். வந்து பார்த்தால் பள்ளியே இல்லை! வகுப்பறை இல்லை, விடுதி இல்லை. கோடரியை எடுத்தார்கள். இடத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து தங்கள் பள்ளிக்கூடத்தைத் தாங்களே எழுப்பினார்கள். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது.

‘எங்கள் கல்லூரியில் லேப் சரியில்லை, லைப்ரரி சரியில்லை’ என்று நீ சொல்வது உண்மையாகவே இருக்கலாம். நல்ல ஆய்வகம் கேட்பது உன் உரிமை, கேள், போராடு. ஆனால் அது வந்து சேரும்வரை உன் இருபது வயது காத்திருக்காது. உன் கல்லூரிக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. குளத்தில் பறவை இருக்கிறது. எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது என்ற கணக்கு யாரிடமாவது இருக்கிறதா? இல்லையென்றால் அந்தக் கணக்கை எழுத வேண்டியவன் நீ. எழுத வேண்டியவள் நீ.

இனி பாப் மார்ஷலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது.

1901-இல் நியூயார்க் நகரத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற வழக்கறிஞரின் மகன். தந்தை லூயிஸ் மார்ஷல், சிராக்யூஸ் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். செல்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்தச் சிறுவனுக்கு ஒரு பெரிய துக்கம் இருந்தது: தான் தாமதமாகப் பிறந்துவிட்டோம் என்ற துக்கம். புதிய நிலங்களைத் தேடிப் போனவர்களின் கதைகளைப் படித்துப் படித்து, அவர்களைப் போல ஆக ஆசைப்பட்டான். அவன் வளர்ந்தபோது அமெரிக்க வரைபடத்தில் கண்டுபிடிக்க ஏறக்குறைய எதுவுமே மிச்சமில்லை. எல்லாவற்றையும் யாரோ ஏற்கெனவே செய்து முடித்துவிட்டார்கள்.

இந்த ஏக்கம் உனக்கும் தெரியும் அல்லவா? எந்தத் தலைப்பை எடுத்தாலும் ஏற்கெனவே ஓர் ஆய்வேடு இருக்கிறது. எந்த யோசனை வந்தாலும் யாரோ செய்து வீடியோ போட்டிருக்கிறார்கள். நாம் பிந்திவிட்டோம் என்ற நினைப்பு முதுகெலும்பை அரிக்கும்.

மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? குடும்பத்தின் கோடை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த மலைகளில் ஏறினார். 1918 முதல் 1925 வரை, தம்பி ஜார்ஜும் ஹெர்பர்ட் கிளார்க் என்ற வழிகாட்டியும் துணையாக வர, ஆடிரோண்டாக்கின் 46 உயர்ந்த சிகரங்கள் அத்தனையிலும் ஏறினார். அவர்களுக்கு முன் யாரும் அதை முடித்ததில்லை. வரைபடத்தில் இருந்த மலைகள்தான். ஆனால் எல்லாவற்றின் மேலும் நின்று பார்த்த கண்கள் அதுவரை இல்லை. 1922-இல், இன்னும் மாணவராக இருந்தபோதே, அந்தச் சிகரங்களைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். எந்தச் சிகரத்திலிருந்து தெரியும் காட்சி அழகு என்று தரவரிசையே போட்டார். கவனி: வனவியல் மாணவர் ஒருவர் அழகுக்கு மதிப்பெண் போடுகிறார்! அதே கல்லூரியில்தான் அரை நூற்றாண்டு கழித்து ஒரு பெண்ணிடம் அழகு அறிவியல் இல்லை என்று சொல்லப்போகிறார்கள்.

1924-இல் பட்டம் பெற்றார். ஹார்வர்டில் முதுகலை, ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முனைவர் பட்டம். பிறகு வட அலாஸ்காவின் வைஸ்மன் என்ற குக்கிராமத்துக்குப் போய் ஓராண்டுக்கும் மேல் வாழ்ந்தார். அந்த மக்களைப் பற்றி அவர் எழுதிய ‘ஆர்க்டிக் வில்லேஜ்’ 1933-இல் வெளிவந்து நன்றாக விற்றது. வந்த பணத்தில் ஒரு பங்கை அந்தக் கிராமத்து மக்களுக்கே பகிர்ந்து அனுப்பினார். தன் அறிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன் அப்படித்தான் செய்வான். ஆய்வுக்குப் போன ஊரின் பெயரைக்கூட மறந்துவிடும் நம் ஆய்வாளர்கள் இதை நெஞ்சில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1935-இல் ஒரு சிலர் சேர்ந்து ‘வில்டர்னஸ் சொசைட்டி’ தொடங்கினார்கள். சாலை போடாத, அணை கட்டாத, மனிதன் கை வைக்காத காடுகளை அப்படியே விட்டுவைக்க ஓர் இயக்கம். அதன் உயிர்மூச்சாக நின்றவர் மார்ஷல். 1939 நவம்பரில், வாஷிங்டனிலிருந்து நியூயார்க் போகும் இரவு ரயிலில், உறக்கத்திலேயே இறந்துபோனார். வயது 38.

38! நம் ஊரில் அந்த வயதில் பலர் ‘இனிமேல் என்ன இருக்கிறது’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து, 1964-இல், அமெரிக்காவின் வனாந்தரப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. முதல் நாளே 90 லட்சம் ஏக்கருக்கு மேல் அதன் பாதுகாப்பில் வந்தது. மொன்டானா மாநிலத்தில் ஒரு பெரும் வனாந்தரத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பிந்திப் பிறந்ததாக அழுத பையன், சட்டத்துக்கு அறுபத்து மூன்று ஆண்டுகள் முந்திப் பிறந்திருந்தான்.

அவர் பணக்காரர், அவருக்கு முடிந்தது என்று சொல்வாய். சரி, ஒரு பேராசிரியரிடம் வருவோம்.

எட்வின் கெட்ச்லெட்ஜ். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் பத்தாவது மலைப் படைப்பிரிவில் இத்தாலியில் போரிட்டவர். போர் முடிந்து இதே கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து, பிறகு இதே கல்லூரியில் பேராசிரியரானார். மார்ஷல் ஏறிக் காட்டிய அந்தச் சிகரங்களுக்கு அதற்குள் கூட்டம் கூட்டமாக மக்கள் ஏறத் தொடங்கியிருந்தார்கள். உச்சிகளில் இருந்த மண் மிக மெல்லியது. பனியுகம் விலகிய நாளிலிருந்து வாழ்ந்துவரும் சின்னஞ்சிறு செடிகள் அதில் இருந்தன. மாநிலம் முழுவதும் அந்த உயர்மலைத் தாவரப் பரப்பு 200 ஏக்கருக்கும் குறைவு. பூட்ஸ் கால்கள் அதை மிதித்துத் தேய்த்தன. மண் மழையில் கரைந்தது. வெறும் பாறை தெரிந்தது.

போனது போனதுதான் என்பதே அன்றைய பொதுவான பேச்சு. கெட்ச்லெட்ஜ் மேலே ஏறிப் போய்ப் புல்விதை தூவிப் பார்த்தார். சுண்ணாம்பும் உரமும் கலந்து தூவினார். புல் பிடித்தது, மண் நின்றது. சில ஆண்டுகளில் அந்த வெளியூர்ப் புல் மெலிந்து மறைய, அதன் நிழலில் பாசியும் பிறகு சொந்த மண்ணின் செடிகளும் திரும்பி வந்தன. விதையையும் உரத்தையும் யார் மேலே சுமப்பது? மிதித்தவர்களையே சுமக்க வைத்தார். மலையேறிகள் முதுகில் பை பையாகச் சுமந்து போனார்கள். கடைசியில், 1980-களின் முடிவில், உச்சியில் ஆள் நிறுத்தி, ஏறி வருகிறவர்களிடம் ‘பாறையில் கால் வையுங்கள், செடியில் வேண்டாம்’ என்று எடுத்துச் சொல்லும் திட்டம் அவர் முயற்சியால் பிறந்தது. எதைப் பார்த்து முன்பு வேதனைப்பட்டாரோ, அதற்கு முதுமையில் தீர்வு கண்டார். நடுவே இருந்த வருடங்களை யாரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை. அந்த வருடங்கள்தான் சாதனை!

இதே கெட்ச்லெட்ஜ்தான் கல்லூரியில் பாசிகளைப் பற்றிய பாடம் நடத்தியவர். அந்தப் பாடத்தில்தான் கிம்மரர் பாசியின் உலகத்துக்குள் நுழைந்தார்.

கிம்மரர் 1975-இல் இளநிலைப் பட்டம் பெற்றார். மேற்படிப்புக்கு எழுதப்பட்ட பரிந்துரைக் கடிதத்திலும் ‘ஓர் இந்தியப் பெண்ணுக்கு இது பெரிய விஷயம்’ என்ற தொனியில்தான் பாராட்டு இருந்தது. விஸ்கான்சினில் முதுகலையும் முனைவர் பட்டமும் முடித்தார். லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தார். அளந்தார், எண்ணினார், கட்டுரை எழுதினார். அறிவியலின் மொழியை அதன் சொந்தக்காரர்களைவிட நன்றாகப் பேசக் கற்றுக்கொண்டார். ஆஸ்டர் கேள்வி அடியில் எங்கோ புதைந்துபோனது.

ஒரு நாள் நவஹோ இனத்துப் பெண்மணி ஒருவர் பேசுவதைக் கேட்டார். பல்கலைக்கழகத்தில் ஒரு நாள்கூடத் தாவரவியல் படிக்காதவர். தன் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு செடியும் எங்கே வளரும், எப்போது பூக்கும், எதோடு சேர்ந்து வாழும், அதன் கதை என்ன என்று மணிக்கணக்கில் சொல்லிக்கொண்டே போனார். கேட்டுக்கொண்டிருந்த முனைவர் கிம்மரருக்குத் தான் எதைக் கீழே போட்டுவிட்டு வந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. திரும்பினார். எடுத்தார்.

இங்கே நீ ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அறிவியலைத் தூக்கி எறியவில்லை. கற்ற அத்தனையையும் வைத்துக்கொண்டு பழைய கேள்விக்கே வந்தார். ஊதாவும் மஞ்சளும் வண்ணச் சக்கரத்தில் எதிர் எதிரே நிற்கும் நிறங்கள். ஒன்றின் பக்கத்தில் வைத்தால் மற்றொன்று இன்னும் பளிச்சிடும். மனிதக் கண்ணை இழுப்பது போலவே அந்த ஜோடி தேனீயின் கண்ணையும் இழுக்கிறது. தனித்தனியே நிற்கும் செடிகளைவிடச் சேர்ந்து நிற்பவற்றுக்குத் தேனீக்கள் அதிகம் வருகின்றன. அறிவியல் இல்லை என்று தள்ளப்பட்ட கேள்விக்குள் ஒளியியல் இருந்தது, பூச்சியியல் இருந்தது, சூழலியல் இருந்தது, பரிணாமம் இருந்தது. கேட்டவள் சின்னப் பெண். கேள்வி சின்னது இல்லை.

1993-இல் அதே கல்லூரிக்குப் பேராசிரியராகத் திரும்பினார். உள்ளே நுழையும்போது கேள்வியைப் பறித்த கட்டடத்துக்குள், கேள்விகளைக் காப்பாற்றும் ஆசிரியராக வந்தார். நம் பெண்பிள்ளைகள் இந்த வரியை இரண்டு தடவை படிக்க வேண்டும். அவமானப்பட்ட இடத்தை விட்டு ஓடிப்போவதுதான் கௌரவம் என்று யார் சொன்னது? படித்துத் தகுதி பெற்று, அதே வாசல் வழியாக, இந்தத் தடவை நாற்காலியின் மறுபக்கத்தில் உட்காருவதற்கு வா!

அவரிடம் படித்த ஒரு மாணவியின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ‘ஸ்வீட்கிராஸ்’ என்று ஒரு நறுமணப் புல். பூர்வகுடிப் பெண்கள் அதில் கூடை முடைவார்கள். சடங்குகளுக்கும் பயன்படுத்துவார்கள். அது பல இடங்களில் குறைந்துகொண்டே வந்தது. கூடை முடைகிறவர்களில் சிலர் புல்லை ஒவ்வொரு தண்டாகக் கிள்ளி எடுப்பார்கள். சிலர் கொத்தாக வேரோடு பிடுங்குவார்கள். எந்த முறை புல்லை அழிக்கிறது? இந்தக் கேள்வியை அந்தப் பெண்களிடமிருந்தே எடுத்துக்கொண்டு ஆய்வுக்குப் போனாள் மாணவி. ஆய்வுக் குழு கையை விரித்தது. ஒரு செடியை அறுத்தால் அது குறையும், எல்லோருக்கும் தெரிந்ததுதானே, இதில் ஆராய என்ன இருக்கிறது என்றார்கள்.

‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே.’ இந்த இரண்டு சொற்களைவிடக் கொடிய ஆயுதம் கல்வி நிலையத்தில் வேறு இல்லை. எத்தனை நல்ல கேள்விகள் இந்த இடத்தில் செத்திருக்கின்றன!

அவள் விடவில்லை. சிறு சிறு பகுதிகளாகப் பிரித்தாள். சிலவற்றில் கிள்ளினாள், சிலவற்றில் கொத்தாகப் பிடுங்கினாள், சிலவற்றைத் தொடாமல் விட்டாள். கூடைக்காரர்கள் சொல்லிக்கொடுத்த மரியாதையோடு, பாதிக்கு மேல் எடுக்காமல் அறுத்தாள். வெயிலில் குனிந்து ஒவ்வொரு தண்டாக எண்ணினாள். முடிவு என்ன தெரியுமா? அறுத்த பகுதிகள் இரண்டு முறையிலுமே செழித்தன. தொடாமல் விட்ட பகுதிகள்தான் பழைய காய்ந்த தண்டுகளில் மூச்சு முட்டிச் சரிந்தன. எல்லோருக்கும் தெரிந்தது தலைகீழாகிப் போனது. அளவோடு எடுக்கும் கைகளோடு சேர்ந்து வாழப் பழகிய புல் அது. எடுக்க ஆள் இல்லாமல் போனதே அதற்குக் கேடாகலாம் என்பதைப் பாட்டிமார் வாயாலேயே சொல்லிவந்தார்கள். அதை எண்ணிக்கையாக மாற்றிக் குழுவின் முன் வைத்தாள் ஒரு மாணவி.

உன் ஊரில் பனையேறி சொல்வது, மீனவர் சொல்வது, மூலிகை பறிக்கும் அம்மா சொல்வது எல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. சில உண்மையாக இருக்கும், சில இல்லாமல் போகும். சோதித்துப் பார்க்கும் பயிற்சி உன்னிடம் இருக்கிறது. அவர்கள் மொழியில் அவர்களிடம் கேட்கும் வாய் உன்னிடம் இருக்கிறது. இரண்டும் ஒருவரிடமே இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்று உணர்ந்திருக்கிறாயா? வெளிநாட்டுப் பேராசிரியர் கோடி ரூபாய் நிதி வைத்திருந்தாலும் உன் பாட்டியிடம் அவரால் அப்படிப் பேச முடியாது.

கிம்மரரின் முதல் நூல், பாசிகளைப் பற்றியது, 2003-இல் வந்தது. இரண்டாவது நூலான ‘பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்’ 2013-இல் ஒரு சிறிய பதிப்பகத்திலிருந்து வந்தது. பெரிய விளம்பரம் கிடையாது. ஒருவர் படித்து இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் மற்றொருவர் கையில் கொடுத்து, 2020-இல்தான் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது. 2022-இல் மெக்ஆர்தர் ஃபெல்லோஷிப் என்ற பெரிய கௌரவம் வந்தபோது அவருக்கு வயது 69. ஒரு பதிவுக்கு ஒரு மணி நேரத்தில் லைக் வரவில்லை என்று சோர்ந்து படுக்கிறாயே, எழுந்திரு!

வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லி உன்னை ஏமாற்ற எனக்கு மனமில்லை. இதே கல்லூரியில் நடந்த மிகப் பெரிய முயற்சி ஒன்று இன்றுவரை முடியவில்லை. முடியாததாலேயே அதைச் சொல்கிறேன்.

கிழக்கு அமெரிக்கக் காடுகளின் பேரரசன் செஸ்ட்நட் மரம். 1904-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் விலங்குக் காட்சிச்சாலையில் சில மரங்கள் பட்டை வெடித்துச் சாகத் தொடங்கின. ஆசியாவிலிருந்து மரக்கன்றுகளோடு வந்த ஒரு பூஞ்சை காரணம். அரை நூற்றாண்டுக்குள் 300 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் செத்தன. அந்தப் பூஞ்சை ஆக்சாலிக் அமிலத்தைச் சுரந்து பட்டையைக் கொல்லும். புண் மரத்தைச் சுற்றி வளைத்ததும் அதற்கு மேலே எல்லாம் காயும். வேர் மட்டும் சாகாது. வேரிலிருந்து துளிர்க்கும். துளிர் மரமாகும் முன்பே நோய் மறுபடி பிடிக்கும்.

1990-ஐ ஒட்டி, வில்லியம் பவல், சார்லஸ் மேனார்ட் என்ற இரண்டு பேராசிரியர்கள் இந்த மரத்தைக் கையில் எடுத்தார்கள். வழி தேடி, கோதுமையில் ஒரு மரபணுவைக் கண்டார்கள். ஆக்சாலிக் அமிலத்தைச் சிதைக்கும் நொதியைத் தருவது அது. பூஞ்சையைக் கொல்லாமல் அதன் ஆயுதத்தை மட்டும் பறிப்பது என்பது திட்டம். அதைச் செஸ்ட்நட்டுக்குள் ஏற்றுவதற்கு முன்பாக, ஒரே செல்லிலிருந்து முழு மரக்கன்றை ஆய்வகத்தில் வளர்க்கக் கற்றுக்கொள்ளவே ஆண்டுகள் ஓடின. மாணவர்கள் வந்தார்கள், பட்டம் பெற்றுப் போனார்கள், அடுத்தவர்கள் வந்தார்கள். 2020-இல் ‘டார்லிங் 58’ என்ற வரிசைக்கு அனுமதி கேட்டு அமெரிக்க வேளாண் துறைக்கு விண்ணப்பித்தார்கள். மரபணு மாற்றிய மரத்தைக் காட்டில் விடலாமா என்ற வாதம் அங்கே கடுமையாக நடக்கிறது. எதிர்ப்பவர்களின் கவலையையும் மதித்துக் கேட்க வேண்டும்.

2023 நவம்பரில் பவல் காலமானார். அடுத்த மாதமே இன்னொரு இடி. ஆய்வு செய்துவந்த மரங்கள் 58 அல்ல, 54 என்ற வேறொரு வரிசை என்பது தெரியவந்தது. எங்கோ ஒரு கட்டத்தில் அடையாளம் மாறிப்போயிருக்கிறது. மரங்களின் வளர்ச்சியிலும் குறை தெரிகிறது என்று சொல்லி, நெடுங்காலம் துணைநின்ற அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை ஆதரவை விலக்கிக்கொண்டது. முப்பதாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு. ஆசான் இல்லை. துணை இல்லை. உலகம் முழுவதும் செய்தி.

அந்த ஆய்வகத்தில் இருந்த ஓர் இளம் ஆராய்ச்சி மாணவரின் இடத்தில் உன்னை வைத்துப் பார். காலையில் எழுந்து போவாயா? அவர்கள் போனார்கள். எது எந்த மரம் என்பதை வெளிப்படையாகச் சொல்லி, அனுமதிக்கான விண்ணப்பத்தைக் கைவிடாமல் வேலையைத் தொடர்ந்தது கல்லூரி. தன்னம்பிக்கை என்றால் மேடையில் முஷ்டியை உயர்த்திக் கத்துவது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் அதை அந்த ஆய்வகத்தில் பார்க்கிறேன். தவறு வெளிவந்த மறுநாள் காலை, அதே மேஜையில், பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க உட்காரும் மனிதரிடம் பார்க்கிறேன்.

நீண்ட வேலைக்குப் பலன் வராமலே போய்விடுமோ என்று கலங்குகிறாயா? கலாபகோஸில் எஸ்பனோலா என்ற தீவைப் பார். 1960-களில் அந்தத் தீவின் ராட்சத ஆமைகளில் மிஞ்சியவை 14 மட்டும்: 12 பெண், 2 ஆண். அவற்றை எடுத்துப்போய் இனப்பெருக்க மையத்தில் வைத்தார்கள். சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையிலிருந்து இன்னோர் ஆண் வந்து சேர்ந்தது. பிறந்த குட்டிகளைத் தீவில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். பெருமை எல்லாம் முதலில் கலாபகோஸ் பூங்காக்காரர்களுக்கே. ஆனால் விட்ட ஆமைகள் உண்மையிலேயே பிழைத்தனவா என்று தீவில் இறங்கிக் கணக்கெடுத்தவர்களில் முன்னே நின்றவர் இ.எஸ்.எஃப். பேராசிரியர் ஜேம்ஸ் கிப்ஸ். விட்டவற்றில் பாதிக்கு மேல் உயிரோடு இருக்கின்றன, தாமாகவே பெருகுகின்றன, இனி மனிதக் கை தேவையில்லை என்று 2014-இல் அவர் குழு வெளியிட்டது. 2020-இல் இனப்பெருக்கத் திட்டத்தை நிறுத்தி, அந்த 15 பெரிய ஆமைகளையும் சொந்தத் தீவில் கொண்டுபோய் இறக்கினார்கள்.

தொடங்கியவர்களும் முடித்தவர்களும் ஒரே ஆட்கள் இல்லை. நடுவில் வந்தவர்களில் பலரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதற்காக அவர்கள் வேலை குறைந்துவிட்டதா?

இப்போது உன்னிடம் வருகிறேன். இன்று இரவு ஒரு நோட்டை எடு. இந்தப் படிப்புக்கு வருவதற்கு முன்பு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் உனக்குள் எழுந்த கேள்வி எது என்று எழுது. யார் எந்தச் சொல்லால் அதை அடக்கினார்கள் என்று அதன் கீழே எழுது. சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரிகிறதா? இருக்கட்டும், அப்படியே எழுது. ஏரிக்கரை ஆலமரத்தில் கொக்கு ஏன் இந்த வருடம் கூடு கட்டவில்லை? எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்பாகிப்போனது? தாத்தா சொன்ன மீன் ஏன் இப்போது வலையில் விழுவதில்லை? எதுவாக இருந்தாலும் எழுது.

பிறகு பாடத்தை வெறியோடு படி. புள்ளியியல் கசக்கிறது என்று தப்பிக்காதே. உன் பாட்டியின் சொல்லை நிரூபிக்க நாளைக்கு அதுதான் வேண்டும். லத்தீன் பெயர் வாயில் நுழையவில்லையென்றால் நுழையும்வரை சொல்லிப் பார். ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வரவில்லையென்றால் மோசமாக எழுது, திருத்து, மறுபடி எழுது. திங்கட்கிழமை காலையில் உன் துறைப் பேராசிரியரின் அறைக் கதவைத் தட்டு. ‘ஐயா, எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. இதை எப்படி அளப்பது என்று சொல்லிக்கொடுங்கள்’ என்று கேள். நேரமில்லை என்றால் செவ்வாய்க்கிழமை போ. அவர் சிரித்தால் அடுத்த அறைக் கதவைத் தட்டு. அந்த வரிசையில் எங்கோ ஓர் அறையில் கெட்ச்லெட்ஜைப் போல ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீ தட்டினால்தான் அவருக்குத் தெரியும். போ, தட்டு!